பிராஸ் பசாவில் பள்ளிக்கு இடமில்லையா?

சிங்கப்பூரின் பிராஸ் பசா சாலையில், வளைந்த இரு சிறகுகளைச் சாலை நோக்கி நீட்டியபடி நிற்கும் வெள்ளைக் கட்டடம் பழைய செயின்ட் ஜோசப்ஸ் இன்ஸ்டிடியூஷன். பிரெஞ்சுப் பாதிரியார் ழான் மரி பெரெலின் முயற்சியில் வந்துசேர்ந்த லசால் சபைச் சகோதரர்கள் 1852இல் தொடங்கிய பள்ளி இது. கட்டடத்தின் நடுப்பகுதி 1867இல் எழுந்தது. சிறகுகள் பாதிரியார் சார்ல்ஸ் பெனடிக்ட் நைன் வரைந்த திட்டப்படி 1900களின் தொடக்கத்தில் சேர்ந்தன. பள்ளி 1988இல் மால்கம் சாலைக்குக் குடிபெயர்ந்தது. கட்டடம் 1992இல் தேசிய நினைவுச்சின்னமாகி, 1996இல் சிங்கப்பூர் கலை அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. பாரம்பரியப் பாதுகாப்புக்கு நல்ல முன்மாதிரி என்று இதைப் பலரும் பாராட்டுவார்கள். ஆனால் ஆண்டுகளின் வரிசையைப் பாருங்கள்: பள்ளி போய் நான்கு ஆண்டுகள் கழித்தே கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அந்தச் சுவர்கள் எதற்காக எழுப்பப்பட்டனவோ அந்தப் பயன்பாடு அதற்குள் வெளியேறியிருந்தது.

இடிக்காமல் விட்டதே பெரிது என்பார்கள். அதில் நியாயம் உண்டு. அதே சாலையில் 1830களிலிருந்து இருந்த ராஃபிள்ஸ் இன்ஸ்டிடியூஷன் 1972இல் இடம் மாறியதும் இடிக்கப்பட்டது. இன்று அங்கே ராஃபிள்ஸ் சிட்டி வணிக வளாகம் நிற்கிறது. அந்தக் கதியோடு ஒப்பிட்டால் அரும்பொருளகம் ஆயிரம் மடங்கு மேல். என்றாலும், வகுப்பறைக்காகக் கட்டப்பட்ட இடம் ஓவியத்துக்குத் தோதானதா? காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் காலத்தில் நீண்ட தாழ்வாரமும் உயர்ந்த சன்னல்களும் வைத்தார்கள். ஓவியத்துக்கோ வெயில் ஆகாது, ஈரப்பதம் ஆகாது. சன்னலில்லாத அகன்ற சுவர் வேண்டும். கட்டடத்தின் குணம் எதுவோ, அதையே புதிய பயன்பாடு குறையாகப் பார்க்கிறது. 2019இல் சீரமைப்புக்காக மூடப்பட்ட பிறகு, 2022இல் அரும்பொருளகம் கண்காட்சி நடத்தப் போன இடம் தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக் கட்டடம். தற்காலக் கலைக்கு 19ஆம் நூற்றாண்டு வகுப்பறையைவிடக் கிடங்கு வசதியாக இருப்பதில் வியப்பில்லை.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: மக்கள் வீடமைப்புப் பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள், பள்ளிகளும் பின்னால் போகத்தானே வேண்டும்? நகர நடுவில் இரைச்சல், நெரிசல், விளையாட இடமில்லை. 1980களின் கணக்குப்படி இது சரி. இதே வட்டாரத்தில் இருந்த டௌ நான் பள்ளி மரீன் பரேடுக்கும், கான்வென்ட் பள்ளி தோ பாயோவுக்கும் போனது அந்தக் கணக்கில்தான். ஆனால் பிறகு நடந்தது என்ன? 2005இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை அதே பிராஸ் பசாவில், இந்தப் பழைய பள்ளிக்கு எதிர்ச்சாரியில் திறந்தது. அதற்காகப் போன புல்வெளி, ஒரு காலத்தில் இப்பள்ளி மாணவர்கள் பந்து விளையாடிய திடல். பல்கலைக்கழக மாணவர்கள் பெரியவர்கள், பதின்வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடலாமா என்றால், 2010இல் சில நிமிட நடைதூரத்தில் கலைப்பள்ளி தன் புதிய கட்டடத்தில் குடியேறியது. அங்கே படிப்பவர்கள் பதின்வயதினர்தான். ஓடுதளத்தை மொட்டை மாடியில் அமைத்துவிட்டார்கள். ஆக, நகர நடுவில் பள்ளி நடத்த முடியாது என்பது காரணமாக நிற்கவில்லை. பழைய கட்டடத்தில் பள்ளி நடத்துவதை யாரும் முன்னுரிமையாக வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கான்வென்ட் பள்ளியைச் சொன்னேன். அதன் தேவாலயத்தையும் நைன்தான் வடிவமைத்தார். அந்த வளாகம் இன்று உணவகங்களும் மதுக்கூடங்களும் நிறைந்த சைம்ஸ். தேவாலயம் திருமண மண்டபம். அழகாகத்தான் பராமரிக்கிறார்கள், வாடகை இல்லாமல் பழைய கூரைக்கு யார் செலவழிப்பார்கள் என்ற கேள்வியும் பொருளற்றதல்ல. ஆனால் பல்கலைக்கழகத்துக்கும் கலைப்பள்ளிக்கும் புதுக் கட்டடம் எழுப்பப் பணம் இருந்த ஊரில் அந்தக் கேள்வியின் கூர் மழுங்கிவிடுகிறது. நினைவுச்சின்னமாக அறிவிக்கும்போது தூண், வளைவு, கோபுரம் என்று காப்பதோடு, அடுத்து வருபவர்களில் கற்பிப்பவருக்கே முதலிடம் என்று ஒரு வரியும் சேர்ந்திருக்கலாம். சேர்ந்திருந்தால், எதிர்ச்சாரியில் அடித்தளம் தோண்டியவர்கள் அதற்கு முன் சாலையைக் கடந்துவந்து ஒருமுறை கேட்டிருப்பார்கள்.