பாலாறு இங்கே, பந்தல் அங்கேயா?



வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் அண்மை ஆண்டுகளாகப் புதியதொரு நோய் பரவி வருகின்றது. திருமணத்தைச் சொந்த ஊரில் நடத்துவது இழிவாம். மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதியிலோ, புதுச்சேரியிலோ, கோவாவிலோ நடத்துவதே உயர்வாம்! அதற்கு 'டெசுடினேசன் வெட்டிங்' என்று பெயர். தாலி கட்டுமுன்பே மணமக்களை அலைநீரில் நிறுத்திப் பறக்கும் படப்பொறியால் படமெடுப்பது 'பிரீ வெட்டிங் சூட்'. மணம் முடிந்ததும் மீண்டுமொரு கடற்கரைக்கு ஓடுவது 'அனிமூன்'. அதனைத் 'தேனிலவு' என்று நாம் வழங்குவதும் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததுதான். சொல்லும் கடன், செயலும் கடன், அதற்காகும் பணமும் பலர்க்குக் கடன்!

கடலின்மேல் நமக்குப் பகையில்லை. நெய்தல் நம் ஐந்திணையுள் ஒன்று. ஆனால், அந்நிலத்திற்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் யாது? இரங்கல்! கூடலுக்கு அவர்கள் வகுத்தது குறிஞ்சி. புகார்க் கடற்கரையில் யாழிசைத்துப் பாடியிருந்த கோவலனும் மாதவியும் அங்கேயே மனம் வேறுபட்டுப் பிரிந்ததைச் சிலம்பின் கானல்வரி காட்டுகின்றது. குறிஞ்சி நிலம் ஏலகிரியாகவும் சவ்வாது மலையாகவும் நம் வாயிலிலேயே நிற்கின்றது. அதை விட்டு, இரங்கற்குரிய நிலத்திற்குப் புதுமணமக்களை அனுப்பிவைப்பவன் தன் இலக்கியம் அறியாதவன். புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனை!

திறந்தவெளித் திருமணம் தமிழர்க்குப் புதிதா? அகநானூற்றின் 86ஆம் பாட்டையும் 136ஆம் பாட்டையும் எடுத்துப் பாருங்கள். கால் நாட்டிய பந்தல், அதன்கீழ்ப் பரப்பிய புதுமணல், ஏற்றிய விளக்கு, தொங்கும் மாலை, உறவினர்க்குக் குறைவற்ற உணவு, மகப்பெற்ற மங்கல மகளிர் மணமகளை நீராட்டி வாழ்த்திய வாழ்த்து! அங்கே வேற்றுமொழிச் சடங்கும் இல்லை. வேற்றூர் விடுதியும் இல்லை. ஊர் இருந்தது; உறவு இருந்தது. 1967இல் தமிழகச் சட்டமன்றம் ஏற்பளித்த தன்மதிப்புத் திருமணமும் சுற்றத்தார், நண்பர் முன்னிலையைத்தான் வேண்டுகின்றது. கடலின் முன்னிலையை அன்று!

பந்தலின்கீழ்ப் பரப்பப் புதுமணல் நமக்கு இல்லாமலா போயிற்று? கருநாடகத்தில் பிறந்து, ஆந்திரம் கடந்து, தமிழ்நாட்டுள் 222 கிலோமீட்டர் செல்லும் பாலாறு நம்முடையது. அதன் கரையில் ஏன் ஒருவரும் மணப்பந்தல் போடுவதில்லை? ஏன் அங்கே நின்று படமெடுப்பதில்லை? விடை ஊரறிந்தது. மணலைச் சரக்குந்துகள் அள்ளின. நீரைத் தோல் ஆலைகள் கெடுத்தன. ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பின் காலம் வந்தபின் ஆறு மேலும் நஞ்சாயிற்று.

இது நம் கற்பனையன்று. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகசுடு 28 அன்று இந்திய உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. ஆலைகள் மிகுந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம், சிறிதளவாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்றென்னும் ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பிலேயே உள்ளது. கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டுமென்னும் நெறியை அத்தீர்ப்பு நாட்டியது. ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2025 சனவரி 30 அன்று, அதே மன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. ஆறு இன்னும் மீளவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி, இவ்வாறு எங்கே கடல் புகுகின்றது எனக் காணுங்கள். மாமல்லபுரத்திற்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்த வயலூர் அருகில்! எந்த ஆற்றின் வயிற்றில் நஞ்சைக் கொட்டினானோ, அதே ஆற்றின் காலடிக்கு அருகே போய் நின்று, 'ஆகா, என்ன அழகிய நீர்!' என்று மாலை மாற்றுகின்றான் செல்வன்! கழிவைத் தூய்மை செய்து தொழில் நடத்தும் நேர்மையாளரை நாம் சொல்லவில்லை. கெடுத்தவர்க்கே இச்சொல்.

"என் பணம், என் மகள் திருமணம், உனக்கென்ன?" என்பார் அவர். ஐயா, ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் நீர் செலவாகின்றதென்று அந்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பே கூறுகின்றது. அந்நீர் எவர் கிணற்று நீர்? உம் பணத்துள் எம் ஊர்த் தண்ணீரும் இருக்கின்றது. எம் பெண்கள் காலணி ஆலையில் நாளெல்லாம் தையற்பொறிமுன் குனிந்த முதுகும் இருக்கின்றது. அப்பெண்களுள் எத்தனை பேரை உம் கடற்கரைப் பந்தலுக்கு அழைத்தீர்? ஊரில் பந்தல் போடுபவன், பூக்கட்டுபவள், மேளக்காரன், நாடறிந்த ஆம்பூர்ப் பிரியாணி ஆக்குபவன் ஆகிய அனைவர் கூலியையும் கடற்கரை விடுதிக்காரனிடம் கொட்டிவிட்டு வந்தீர்!

செல்வன் ஆடினால் ஏழையும் ஆடுகின்றான். மகளிர் குழுக்கடன் வாங்கி, ஊர்தி அமர்த்தி, ஒரு நாள் படத்திற்காகக் கடற்கரைக்குச் செல்லும் உழைப்பாளர் வீடுகளையும் இன்று காண்கின்றோம். படம் கைப்பேசியில் மங்கும், வட்டி மங்காது.

இளைஞர்களே! உங்கள் திருமணத்தை உங்கள் தெருவில், பந்தலின்கீழ், தமிழில் நடத்துங்கள். படம் வேண்டுமா? பாலாற்றங்கரையில் நின்று எடுங்கள். வறண்ட மணற்குழியும், நுரைத்த கழிவும் இருப்பின் அவையும் பின்னால் அப்படியே தெரியட்டும். நாளை உங்கள் பிள்ளைகள் அப்படத்தைப் பார்த்து, 'இதை ஏன் பொறுத்திருந்தீர்கள்?' என்று கேட்கட்டும். கடற்கரை மணத்திற்கு அழைப்பிதழோடு வரும் ஆலை முதலாளியிடம் நீங்கள் இன்றே கேளுங்கள்: 'பாலாற்றங்கரையில் பந்தல் போட முடியாமற் செய்தவர் யார்?'

விடை வரும்வரை அழைப்பிதழை வாங்காதீர்கள்!