ஒரே கட்டளையில் பன்னிரண்டாயிரம் திருத்தங்கள்

இலக்கியம் பேசும் இடத்தில் தரவுத்தளத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். கல்லூரி நூலகம் ஒன்றின் தமிழ்நூல் பட்டியலைத் திருத்த முனைந்தபோது, அதுவும் ஒருவகைப் பதிப்புப் பணியே என்பதை நாங்கள் கண்டுகொண்டோம்.

ஆசிரியர் பெயர்களில் ஏறத்தாழ 12,000 திருத்தங்கள். வரிக்கொன்றாக, நூலின் பதிவெண்ணும் திருத்திய பெயரும் கொண்ட ஓர் உரைக்கோப்பில் அவற்றைத் தட்டச்சு செய்திருந்தோம். முதலில் எழுதிய நிரல் ஒரு வரியைப் படிக்கும், ஒரு அப்டேட் கட்டளையை அனுப்பும், வட்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும், பிறகே அடுத்த வரிக்கு வரும். நெடுநேரம் ஓடி, பாதியில் மின்சாரம் நின்றது. மறுநாள் தேடிய மாணவருக்கு ஒரே எழுத்தாளர் இரு பெயர்களில் கிடைத்தார்.

உரிய வழி வேறு. கோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் தற்காலிக அட்டவணை ஒன்றில் ஏற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் இதற்குக் காப்பி என்றும், மையெஸ்க்யூஎல்லில் லோட் டேட்டா என்றும் கட்டளைகள் உள்ளன. பின்னர்ப் பதிவெண்ணால் இரு அட்டவணைகளையும் இணைத்து, ஒரே அப்டேட் கட்டளையில் திருத்திவிடலாம். பெயர் மாறுபடும் பதிவுகளை மட்டுமே தொடுவது நன்று. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மாறாத பதிவையும் புதிதாக எழுதி வைக்கும். அனைத்தையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்தால், எல்லாம் திருந்தும் அல்லது எதுவும் திருந்தாது. எங்கள் வேலை சில நொடிகளில் முடிந்தது.

ஆனால் இம்முறையின் பெரும்பயன் வேகம் அன்று என்பதே எம் கருத்து. அந்தத் தற்காலிக அட்டவணை, திருத்தங்களைச் செய்வதற்கு முன் படித்துப் பார்க்க ஓர் இடம் தருகிறது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காண்பது போன்ற வேலை அது.

அங்கே கண்டவை சில. ஒரே பதிவெண் இருமுறை, இரு வேறு பெயர்களோடு வந்திருந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளும். எது என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. பிழை என்றும் அறிவிக்காது. பட்டியலில் இல்லாத எண்களையும் ஓசையின்றிக் கடந்துவிடும். அடுத்து, சொ. விருத்தாசலம். யூனிகோடில் 'சொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒருவர், கணிப்பொறிக்கு இருவர். 2020இல் வந்த 13ஆம் பதிப்பு முதல் இதைச் சீராக்க நார்மலைஸ் என்ற செயற்கூறு போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லிலேயே உள்ளது.

இனி எந்தக் கட்டளையாலும் தீராத ஒன்று. பசுவய்யா என்ற பெயரையெல்லாம் சுந்தர ராமசாமி என மாற்றும்படி எங்கள் கோப்பு சொன்னது. வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை புதுமைப்பித்தன் ஆகவேண்டும் என்றது. ஆளைப் பொறுத்தவரை அவை சரியே. ஆயினும் கவிதைக்கென ஓர் எழுத்தாளர் தனிப்பெயர் சூடியது தற்செயல் அன்று. அதனை நொடியில் அழித்துவிட்டால், அப்பெயரைத் தேடி வரும் ஆய்வு மாணவருக்கு விடை சொல்பவர் யார்?

ஆகவே நூலில் அச்சான பெயருக்கு ஒரு பத்தியும், ஆசிரியரை அடையாளம் காட்டும் பெயருக்கு மற்றொன்றும் அமைத்தோம். மாற்றுவதற்கு முன்பிருந்த பெயர்களையும் தனி அட்டவணையில் காத்துவைத்தோம். இத்தகைய பணியை நிரலாளரிடம் ஒப்படைக்கும் நூலகங்கள், அந்தத் தற்காலிக அட்டவணையைத் தமிழ் படித்த ஒருவர் வரிவரியாகப் பார்த்து முடிக்கும்வரை இறுதிக் கட்டளையை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.