கதவு கத்துதா? எண்ணெய் விடுங்க, கவிதை எழுதாதீங்க

கிராமத்தைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோருக்கும் ஒரு பழைய கதவு தேவைப்படுகிறது. அது 'கிரீச்' என்று திறக்கும். உடனே பால்யம் திறக்கும், பாட்டி வருவார், பலகாரம் வரும். நம்ம சொந்தக்காரங்களும் இதே ரகம்தான். சென்னையிலிருந்து பொங்கலுக்கு வந்து இறங்கினதும் முன்வாசக் கதவை ரெண்டு தரம் ஆட்டிப் பார்த்து, சத்தத்தைப் போன்ல பிடிச்சுக்கிட்டு, "இந்த சவுண்டைக் கேட்டாத்தான் மாமா ஊருக்கு வந்த மாதிரி இருக்கு" என்பார்கள். மூணாம் நாள் பஸ் ஏறிருவாங்க. சத்தம் எங்ககூட இருக்கும்.

அந்தச் சத்தத்துக்குப் பேர் துரு. வேற ஒண்ணும் இல்லை.

கீல் என்பது ரெண்டு தகடு, நடுவில் ஒரு ஆணி. தகட்டோட விளிம்பைக் குழல் மாதிரி சுருட்டி, அதுக்குள்ள ஆணியைச் செருகியிருப்பாங்க. ஆணிக்கும் குழலுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி. அதுல எண்ணெய் இருக்கிற வரைக்கும் சுகம். எண்ணெய் வத்தினா புழுதி சேரும், ஈரம் சேரும், துரு ஏறும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைச்சுக்கும். இருந்த கொஞ்ச இடைவெளியும் போயிரும். அப்புறம் கதவைத் தள்ளினா குழல் ஆணிமேல வழுக்கிப் போகாது. ஒட்டும், விடுபடும், மறுபடி ஒட்டும், மறுபடி விடுபடும். ஒரு நொடிக்குள்ள இது நூத்துக்கணக்கான தரம் நடக்குது. வயலின் தந்தியில வில்லை இழுக்கும்போது நடக்கிறதும் இதேதான். வயலினுக்கு மரப்பெட்டி மாதிரி கீலுக்குக் கதவுப் பலகை. கீல் போடுற சின்னச் சத்தத்தை ஆறடிப் பலகை வாங்கி, தெருவுக்கே கேக்க வைக்குது. ஆனா வயலின்ல பாட்டு வருது. இங்க இரும்பு தேயுறது மட்டும்தான் மிச்சம்.

இந்தச் சத்தத்துக்கு விலை கொடுக்கிறது யாருன்னு பாருங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பத்தா எழுந்து கொல்லைப் பக்கம் போகணும். கதவு கத்தும். கைக்குழந்தை முழிச்சுக்கும், பேரன் பொண்டாட்டி எழுந்து உட்காருவா. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ஆனாலும் மறுநாளிலிருந்து கிழவி சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுக்கும். நான் கற்பனை பண்ணிச் சொல்லலை. எங்க தெருவிலேயே பார்த்திருக்கேன். சித்திரை வெயில்ல வயசானவங்க தண்ணி குடிக்காம இருந்தா நீர்க்கடுப்பு வரும், தலைசுத்தல் வரும், விழுந்து இடுப்பெலும்பு போகும். நாலு சொட்டு எண்ணெயில தீர வேண்டிய சமாச்சாரம் இது. உங்க மலரும் நினைவுகளுக்கு எங்க வீட்டுக் கிழவிகள் தாகத்தோட படுக்கணுமா?

இதுக்கு ஊர்ல ஒரு பதில் தயாரா இருக்கு. "கத்துற கதவுதான்யா காவல். திருடன் வந்தா தெரியும்ல?" நல்ல வாதம். ஆனா ராத்திரிக்கு நாலு தரம் கத்துற கதவுக்கு அஞ்சாம் தரம் யாரு எழுந்திரிப்பா? காது பழகிப் போயிருக்கும். "அப்பத்தாவா இருக்கும்"னு புரண்டு படுத்துக்குவோம். எப்பவும் சத்தமில்லாம இருக்கிற வீட்டுலதான் சின்ன அரவம்கூட ஆளை எழுப்பும். காவல் வேணும்னா ஒரு நாய் வளங்க. அதுக்கு ஆளைப் பார்த்துக் குரைக்கிற அறிவாவது இருக்கு.

இன்னொரு கூட்டம், கதவு கத்தினா வீட்டுல லட்சுமி தங்க மாட்டான்னு சொல்லும். இதைச் சொல்ற வீடுகளில் பாதி, எண்ணெய் விடாம எலுமிச்சம்பழம் கட்டும். லட்சுமி போறாளோ இல்லையோ, கீல் போயிரும். கீல் போனா கதவு இறங்கும், இறங்கின கதவு தரையைத் தேய்க்கும், ஆசாரியைக் கூப்பிடணும், கூலி கொடுக்கணும். அந்த அர்த்தத்துல பார்த்தா லட்சுமி போறது உண்மைதான்.

நகரத்து நண்பர்கள் "எங்க ஃபிளாட்ல இந்தப் பிரச்சினையே இல்ல" என்பீர்கள். இருக்கு. பீரோ கதவு, பால்கனி கதவு, ஊஞ்சல் கொக்கி, சமையலறை அலமாரி எல்லாம் கத்திக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க போன்ல ஆளை வரவழைக்கிறீங்க. அவர் வந்து பார்த்து, "கீலையே மாத்திரலாம் சார்" என்கிறார். நல்லா இருக்கிற கீல் குப்பைக்குப் போகுது; அதைவிட மெல்லிசான தகட்டுல ஒரு புதுக் கீல் வருது. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நாலு சொட்டு எண்ணெய்க்கு அவர் எவ்வளவு கூலி கேக்க முடியும்? கேக்கிறது உங்க பொறுப்பை இன்னொருத்தர்கிட்ட வித்த உங்களைத்தான்.

எண்ணெய் விடுறதுலயும் ஒரு விவரம் இருக்கு. கையில கிடைச்சதை ஊத்தக்கூடாது. சமையலறையிலிருந்து நல்லெண்ணெயை எடுத்துட்டு வராதீங்க. அது காத்துப் பட்டு நாளடைவில் பிசினாகும், புழுதியைப் பிடிச்சுக்கும், ஆறு மாசத்துல முன்னைவிட மோசமாகும். தேங்காயெண்ணெய் அப்படிப் பிசினாகாதுதான், ஆனா மார்கழிக் குளிருல உறைஞ்சு உக்காந்துக்கும். இருக்கிறதுல விளக்கெண்ணெய் தேவலாம். கெட்டியா இருக்கும், இரும்பை விடாம பிடிச்சுக்கும், லேசில் காயாது. மாட்டுவண்டி ஓடின காலத்துல வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில குழைச்சுத்தான் அச்சுக்கு மை போட்டாங்க. முதல் உலகப் போர்ல பறந்த விமானங்களின் எஞ்சினுக்கு ஊத்தினதும் ஆமணக்கு எண்ணெய்தான். காஸ்ட்ரால்னு ஒரு கம்பெனிப் பேரு இருக்கே, அதுவே ஆமணக்கெண்ணெயோட இங்கிலீஷ் பேருலேர்ந்து வந்தது. இதெல்லாம் வேண்டாம்னா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி வாங்குங்க. ரெண்டு மூணு டீ குடிக்கிற காசு. மூக்கு வச்ச புட்டியா இருந்தா உத்தமம்.

ஸ்ப்ரே டப்பா இருக்கே என்பீர்கள். டபிள்யூ டி 40 என்பது 1953-ல் அமெரிக்காவில், ராக்கெட் சாமான்களை ஈரமும் துருவும் அண்டாம காக்கிறதுக்காகச் செஞ்ச சரக்கு. 'ஈரத்தை விரட்டுற நாற்பதாவது கலவை'ங்கறதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். அதில் பெரும்பங்கு கரைப்பான். இறுகின துருவை இளக்க நல்லா உதவும். ஆனா கரைப்பான் ஆவியாப் போனதும் மிஞ்சுறது மெல்லிசான ஒரு பூச்சுதான். அதனால அதை அடிச்சுத் துருவைக் கழுவுங்க, துடைங்க, அப்புறம் எண்ணெய் விடுங்க. டிராக்டர்ல வடிக்கிற கழிவு ஆயிலைக் கலப்பைக் கொழுவுக்குத் துரு பிடிக்காம தடவலாம். வீட்டுக் கதவுக்கு வேண்டாம், அப்புறம் வேட்டி சேலையெல்லாம் கரி.

எல்லாக் கத்தலுக்கும் எண்ணெய் மருந்தில்லை என்பதையும் சொல்லிடணும். கீலோட திருகாணி லூசாகிக் கதவு இறங்கியிருந்தா முதல்ல அதை முடுக்கணும். ஓட்டை பெருத்துப் போச்சுன்னா தீக்குச்சியில பசை தடவி உள்ள செருகி, காஞ்சதும் திருகலாம். மழைக்காலத்துல மரம் ஈரத்தைக் குடிச்சு ஊதி, நிலையில உரசும். அப்ப அவசரப்பட்டு இழைப்புளி போட்டுச் சீவிடாதீங்க. தை மாசம் மரம் தானா சுருங்கும். சீவின கதவுல விரல் நுழையிற சந்து தெரியும். உரசுற இடத்துல மெழுகுவத்தியைத் தேய்ச்சுட்டு மழை முடியிற வரைக்கும் பொறுங்க.

இனி காரியம். கதவுக்கு அடியில ஒரு பழைய பேப்பரை விரிங்க. கீலோட தலையில ரெண்டு சொட்டு. மூக்குப் புட்டி இல்லாட்டி கோழி இறகு போதும், நுனியில தொட்டு ஒவ்வொரு பொருத்துலயும் வைங்க. கதவை மெதுவா முழுசாத் திறந்து மூடுங்க, பத்து தரம். முதல் ரெண்டு தரம் இன்னும் பலமாக் கத்தும், பயந்துடாதீங்க. நாலாம் தரம் முனகும். அப்புறம் கீலுக்கு அடியிலேருந்து செம்பழுப்பா ஒரு கோடு இறங்கும். அதுதான் இத்தனை வருஷம் உங்க வீட்டுல கத்திக்கிட்டு இருந்தது. துணியால துடைச்சுட்டு இன்னொரு சொட்டு விடுங்க. பத்தாவது தரம் கதவைத் தள்ளுங்க. விரல் நுனி போதும். அது பாட்டுக்குப் போய், சத்தமில்லாம சுவரைத் தொட்டு நிக்கும்.

அந்த நிமிஷத்துல கிடைக்கிற திருப்தி இருக்கே, அதை லேசா நினைக்காதீங்க. விவசாயத்துல இன்னைக்குச் செஞ்சதுக்கு இன்னைக்கே பலன் கிடைக்கிற வேலை ரொம்பக் கம்மி. விதைச்சா மழை வரணும், மழை வந்தா பூச்சி வராம இருக்கணும், எல்லாம் தப்பிச்சா விலை கிடைக்கணும். கீல் அப்படி ஏமாத்தாது. ரெண்டு சொட்டுக்குக் கணக்குச் சரியா முடியுது. ஒரு கதவை முடிச்சவன் அதோட நிறுத்த மாட்டான். பீரோ, கேட்டு, மாட்டுக் கொட்டகைப் படல் கொண்டி, கிணத்து ராட்டினம்னு புட்டி காலியாகும் வரைக்கும் சுத்துவான். நான் சுத்தியிருக்கேன்.

ஆனா என் சண்டை வீட்டுக் கதவோட முடியலை. எங்க கண்மாய் மடையில ஒரு இரும்பு ஷட்டர் இருக்கு. அந்தக் காலத்துக் குமிழி மடையில கல்லும் மரக்கட்டையும்தான். துரு பிடிக்க எதுவுமில்லை. இப்ப இருக்கிறது திருகு கம்பி வச்ச ஷட்டர். கம்பியோட மரையில வருஷத்துக்கு ஒரு தரம் கிரீஸ் தடவினா ஒரு ஆள் சுலபமாத் திறந்து மூடலாம். தடவ ஆளில்லை. ரெண்டு வருஷம் கீச்சுக் கீச்சுனு கத்துச்சு. மூணாம் வருஷம் கத்துறதை நிறுத்திடுச்சு, இறுகிப் போச்சு. நாலு பேரு சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பினதுல கம்பி வளைஞ்சுது. பாதி திறந்த மடை வழியா ராப்பகலா தண்ணி ஓடி, கடைமடையில பால் பிடிக்கிற பருவத்துல இருந்த நெல்லுக்குத் தண்ணி இல்லாம போச்சு. சம்பந்தப்பட்ட ஆபீஸ்ல மனு கொடுத்தப்ப கிடைச்ச பதில் என்ன தெரியுமா? புது ஷட்டருக்கு மதிப்பீடு போடலாமாம். கிரீஸ் வாங்கத்தான் நிதி ஒதுக்கீடு இல்லையாம்.

நம்ம நாட்டு நோயே இதுதான். திறப்பு விழா நடத்தக்கூடிய வேலைக்குத்தான் காசு. எண்ணெய் விடுறதுக்கு யாரும் ரிப்பன் வெட்ட முடியாதே! 1970-களில் யுனிசெஃப் உதவியோட வந்த இந்தியா மார்க் 2 அடிபம்பு கெட்டிக்காரத்தனமான சாமான். அதோட தலைக்குள்ள இருக்கிற சங்கிலிக்குக் கிரீஸ் போடணும்கிறது ஊருக்குள்ளேயே முடியிற வேலை. எத்தனை ஊர்ல போட்டாங்க? குடிமராமத்துன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. மழைக்கு முன்னாடி ஊரே சேர்ந்து கரையையும் மடையையும் செப்பனிடணும். 1858-ல் வெள்ளைக்காரன் அதைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டாந்து, வேலைக்கு வராதவங்ககிட்ட பணம் வசூலிக்கவும் வழி பண்ணினான். 2017-ல் தமிழக அரசு அதே பேருல மறுபடி திட்டம் கொண்டுவந்துச்சு. தூர் வாரினது நல்லதுதான், இல்லைங்கலை. ஆனா திட்டம் வர்ற வருஷம் மட்டும் நடந்தா அது மராமத்து இல்லை. யாரும் சொல்லாம வருஷா வருஷம் நடக்கணும்.

அரசாங்கத்தை மட்டும் திட்டிட்டு நாம தப்பிக்க முடியாது. ஆயுத பூஜைக்கு நாம என்ன பண்றோம்? டிராக்டரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய் உடைக்கிறோம். அந்தச் சந்தனம் கிரீஸ் நிப்பிள் மேலேயே அப்பி, காஞ்சு அடைச்சுக்கிட்டு இருக்கிறதை நான் பார்த்திருக்கேன். ஆயுதத்துக்குச் சந்தனமா வேணும்? கும்பிடுங்க, வேண்டாம்கலை. அதுக்கு முன்னாடி கிரீஸ் அடிச்சுட்டுக் கும்பிடுங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை உங்க வீட்டைச் சுத்தி ஒரு நடை நடந்து பாருங்க. எது எது கத்துதுன்னு கேளுங்க. ஊருக்கு வரும்போது பையில ஒரு சின்னப் புட்டியையும் போட்டுக்கிட்டு வாங்க. சத்தத்தை ரெக்கார்டு பண்ணணும்னா தாராளமாப் பண்ணிக்குங்க, பண்ணின கையோட எண்ணெயை விட்டுட்டுப் போங்க. இந்த வருஷம் கண்மாய் பெருகுறதுக்கு முன்னாடி புது ஷட்டர் கம்பிக்குக் கிரீஸ் போட நாங்க நாலு பேரு போறோம். கூட வர்றவங்க பழைய துணி எடுத்துட்டு வாங்க, கையெல்லாம் அழுக்காகும்.