காதல் கதையை ஒளிச்சு வைக்காதீங்க: வீராணம் கரையிலிருந்து ஒரு புத்தகப் பட்டியல்

பட்டணத்துல இருக்கற சொந்தக்காரங்களும் பழக்கமானவங்களும் ஊருக்கு வரும்போது எங்கிட்ட அடிக்கடி கேக்கற ஒரு விஷயம் இருக்கு. "அண்ணே, புள்ளைங்க தமிழ்ல படிக்கணும். ஆபாசம் இல்லாம, அடிதடி அதிகம் இல்லாம நல்ல கதைப் புத்தகமா நாலு சொல்லுங்க." கேட்டு முடிச்சதும் கூடவே ஒண்ணு சொல்லுவாங்க. "காதல் கீதல் இல்லாம இருந்தா நல்லது."

நான் அதுக்கு நேர்மாறா சொல்றவன். காதல் இருக்கற கதையாப் பாத்து வாங்கிக் கொடுங்க. நல்ல காதல் எப்படிப் பேசும், எப்படிக் காத்திருக்கும், வேணாம்னு சொன்னா எப்படி ஒதுங்கிப் போகும்னு புள்ளைங்க வீட்டுலயே படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும். இல்லன்னா செல்போன்லயும் சினிமாவுலயும் தெரிஞ்சுக்கும். அங்க என்ன சொல்லிக் கொடுக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். பொண்ணு மூணு தடவை திட்டினாலும் நாலாவது தடவையும் பின்னாடியே போகணும்னு சொல்லிக் கொடுக்கறாங்க.

நான் பன்னெண்டாவதோட நிறுத்துன ஆளு. காட்டுமன்னார்கோயில் பக்கம் கொஞ்சம் நெலம், சம்பா ஒரு போகம், அப்புறம் உளுந்து. இலக்கியம் பேசற தகுதி எனக்கு இருக்கான்னு தெரியல. ஆனா ஊர்ப்புற நூலகத்துல இருந்த சரித்திரக் கதைங்களை அட்டை கிழிய கிழிய முப்பது வருஷத்துக்கு மேல படிச்சிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல ஆரம்பிக்க வேண்டியது பொன்னியின் செல்வன் இல்லைங்க. அஞ்சு பாகத்தையும் பாத்தா புதுசா படிக்கற புள்ள மிரண்டுடும். கல்கியோட பார்த்திபன் கனவுல ஆரம்பிங்க. சின்னது, வேகமா ஓடும். பல்லவனுக்குக் கப்பம் கட்ட மாட்டேன்னு நிக்கற ஒரு சின்ன சோழ ராஜா, அவரோட கனவு, அவர் மகன் விக்கிரமன், எதிரிச் சக்கரவர்த்தியோட மகள் குந்தவி. இதுதான் கதை. ஆனா எனக்குப் புடிச்ச ஜோடி இவங்க இல்ல. காவேரியில படகு ஓட்டற பொன்னனும் அவன் சம்சாரம் வள்ளியும்தான். வள்ளி கிண்டல் பண்ணுவா, பொன்னன் முறைப்பான், அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுக்குவாங்க. ராஜாங்க காதல்ல நெலாவும் தாமரையும் வரும். இவங்க காதல்ல சோறு வரும், சண்டை வரும். உளுந்து உடைக்கற நாள்ல ராத்திரி நான் படிக்க, என் வீட்டுக்காரம்மா கேட்டுக்கிட்டே வேலை பாக்கும். "வள்ளி பேச்சு வர்ற எடத்தை மட்டும் திருப்பிப் படிங்க"ம்பாங்க. நல்ல காதல் கதையில கல்யாணத்துக்கு அப்புறமும் காதல் இருக்கணும்னு அவங்க கட்சி. நானும் அதே கட்சிதான்.

அதுக்கப்புறம் பொன்னியின் செல்வன். 1950-ல கல்கி பத்திரிகையில தொடரா ஆரம்பிச்சது. கதை தொடங்கறதே எங்க ஏரிக் கரையில. ஆடிப்பெருக்கு அன்னைக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்றானே, அந்த வீரநாராயண ஏரிதான் இன்னைக்கு வீராணம். பராந்தக சோழன் காலத்துல அவர் மகன் ராஜாதித்தர் வெட்டுனதுன்னு சொல்றாங்க. ஏரிக்கு எழுபத்து நாலு கணவாய்னு கதையில வரும். கொள்ளிடத்துலேருந்து வடவாறு வழியா வர்ற தண்ணிதான் எங்க வயலுக்குப் பாயுது. 2004-லேருந்து அதே ஏரித் தண்ணி குழாய் வழியா சென்னைக்கும் வருது. அதனால மெட்ராஸ்ல உக்காந்து பொன்னியின் செல்வன் படிக்கறவங்க, பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வச்சுக்கிட்டுப் படிங்க. கதை நடந்த எடத்துத் தண்ணியாவே இருக்கலாம்.

படம் 2022-லயும் 2023-லயும் ரெண்டு பாகமா வந்துச்சு. பாத்தவங்க "கதை தெரியுமே"ன்னு புத்தகத்தை விட்டுடாதீங்க. சேந்தன் அமுதனை முழுசாத் தெரிஞ்சுக்கணும்னா புத்தகத்துக்குத்தான் வரணும். தஞ்சாவூர்ல பூ பறிச்சுக் கோயிலுக்கு மாலை கட்டற பையன். பேச முடியாத தாயோட ஒரு குடிசையில இருக்கறவன். கோடிக்கரையில படகு ஓட்டற மாமன் மகள் பூங்குழலி மேல அவனுக்கு உயிரு. ஆனா அவ மனசு வேற எடத்துல. அது அவனுக்கும் தெரியும். அவன் கத்தல, மிரட்டல, "எனக்குக் கிடைக்கலன்னா"ன்னு ஆரம்பிக்கல. அவன் பாட்டுக்குப் பூ பறிச்சுக்கிட்டு இருக்கான். அவ அவனைத் தேவைப்படுற நேரத்துல நம்பலாம், அந்த மாதிரி இருக்கான். வயசுப் பையன் இருக்கற வீட்டுல எல்லாரும் வந்தியத்தேவனைக் காட்டுவாங்க. நான் சேந்தன் அமுதனைக் காட்டச் சொல்றேன்.

அதே கதையில நேரெதிரா ஆதித்த கரிகாலனும் நந்தினியும் இருக்காங்க. சின்ன வயசுப் பிரியம் பழியா மாறுனா என்ன ஆகும்னு அதுல பாக்கலாம். கரிகாலன் கொலை கல்கியோட கற்பனை இல்லைங்க. காட்டுமன்னார்கோயில்ல உடையார்குடிக் கோயில்ல கல்வெட்டே இருக்கு. கொன்ன சதிகாரங்களோட பேரு, ரவிதாசன் உட்பட, அதுல இருக்கு. அவங்க நெலத்தைப் பறிமுதல் பண்ணி வித்த விவரமும் இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின நெலப் பத்திரம் மாதிரின்னு வச்சுக்கோங்க. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க. புத்தகத்துல படிச்ச பேரைக் கல்லுல பாக்கறது தனி சந்தோஷம்.

மூணாவது, அகிலனோட வேங்கையின் மைந்தன். 1963-ல சாகித்ய அகாதமி பரிசு வாங்குனது. ராஜேந்திர சோழன் கதை. கொடும்பாளூர் இளங்கோ, சோழ இளவரசி அருள்மொழி, ஈழத்து ராஜா மகள் ரோகிணின்னு போகும். எதிரி வீட்டுப் பொண்ணு மேல பிரியம் வந்தா கடமை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் இழுக்கறதை நிதானமா எழுதியிருப்பாரு. படிச்சு முடிச்சுட்டு கங்கைகொண்ட சோழபுரம் போங்க. எங்க ஊர்ப் பக்கத்துலேருந்து பஸ்ல போயிட்டு சாயங்காலம் திரும்பிடலாம். கோயில் மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. ராஜேந்திரன் வெட்டுன சோழகங்கம் ஏரியையும் பாருங்க, இப்ப பொன்னேரிம்பாங்க. ஜெயிச்ச போருக்கு ஞாபகமா ஏரி வெட்டுன ராஜாவை ஒரு விவசாயி மதிக்காம இருக்க முடியாது.

சிவகாமியின் சபதம் அழ வைக்கற புத்தகம். சிற்பி மகள் சிவகாமி, பல்லவ இளவரசன் மாமல்லன். வாதாபிக்குச் சிறை போன சிவகாமி, அந்த ஊர் எரிஞ்சாத்தான் வருவேன்னு சபதம் போடறா. ஒரு கோபத்துல சொன்ன சொல்லு எத்தனை ஊரை அழிக்குதுன்னு பாத்தா, சபதமே வேணாம்னு தோணும். பதினஞ்சு வயசுக்கு மேல கொடுங்க. கடைசியில சந்தோஷம் கிடைக்காதுன்னு முன்னாடியே சொல்லிக் கொடுங்க.

சரித்திரம் இல்லாத காதல் கதையில நா. பார்த்தசாரதியோட குறிஞ்சி மலர். அப்பா செத்ததும் தம்பி தங்கச்சியைத் தாங்கற பூரணி, அச்சகத்துல வேலை பாக்கற அரவிந்தன். இதைப் படிச்சுட்டு அந்தக் காலத்துல எத்தனையோ பேரு புள்ளைங்களுக்கு அரவிந்தன், பூரணின்னு பேரு வச்சாங்க. ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் வச்சிருக்கற மரியாதை அபாரம். ஆனா முடிவுல எனக்குச் சம்மதம் இல்ல. பூரணி மாதிரி ஒரு பொண்ணு காலம் முழுக்க ஒரு நினைப்பை மட்டும் வச்சுக்கிட்டு வாழணும்னு எழுதறது பெருமையா எனக்குத் தெரியல. உங்க பொண்ணு படிச்சா இதைப் பத்திக் கேளுங்க. அவ என்ன சொல்றான்னு பாருங்க. அந்தப் பேச்சுக்காகவே வாங்கலாம்.

சாண்டில்யனைப் பத்தியும் கேப்பாங்க. கடல் புறா, யவன ராணி ரெண்டும் கீழ வைக்க முடியாது. கப்பல் சண்டை எழுதறதுல அவரை அடிச்சுக்க ஆள் இல்ல. பொண்ணுங்களைத் தலைமுதல் கால்வரை வர்ணிக்கறது பக்கம் பக்கமாப் போகும். எனக்குச் சலிப்பு. பெரிய புள்ளைங்க படிச்சுக்கட்டும், தாண்ட வேண்டிய எடத்தைத் தாண்டிக்குவாங்க.

எங்க ஊர்ப் பொம்பளைங்க கைக்குக் கை மாத்திப் படிக்கறது ரமணிசந்திரன். ஆபாசம் இருக்காது, குடும்பம் இருக்கும், முடிவு நல்லா இருக்கும். நாள் முழுக்க களை எடுத்துட்டு வந்த உடம்புக்கு நல்ல முடிவு வேண்டியிருக்கு, அதைக் கேலி பண்ண யாருக்கும் உரிமை இல்ல. எனக்கு ஒரே ஒரு குறை. நாயகன் தப்பா நினைச்சுக்கிட்டுச் சுள்ளுன்னு பேசறதும், அவ பொறுத்துக்கறதும் எனக்கு ஒத்து வரல.

ராஜாவே இல்லாத சரித்திரம் வேணும்னா கி. ராஜநாராயணனோட கோபல்ல கிராமம். தெலுங்குச் சீமையிலேருந்து உயிருக்குப் பயந்து வந்தவங்க, காட்டை அழிச்சு, கரிசல் மண்ணுல ஊர் உண்டாக்குன கதை. நெலம்னா என்னன்னு தெரியாத புள்ளைங்களுக்கு இதைவிட நல்ல புத்தகம் எனக்குத் தெரியல.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

வந்தியத்தேவன் யாரு? நாடு இல்ல, சேனை இல்ல, ஒரு குதிரையும் வாளும்தான். குந்தவை சோழ ராஜ்யத்தோட இளவரசி. அவன் அவளைப் பாத்து மயங்கற எடத்துல தியேட்டர்ல விசில் அடிச்சாங்க, எங்க ஊர் ஆளுங்களும் சேர்த்துத்தான். தஞ்சாவூர்க் கல்வெட்டுல குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரோட தேவியார்னு இருக்குன்னு பெருமையாச் சொல்லுவோம். ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு அடுத்த தெருப் பையன்கிட்ட நோட்டு வாங்குனா அன்னைக்கே செல்லைப் புடுங்கறோம். பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கற புள்ள. துணி மடிப்புக்குள்ள ஒரு காதல் நாவல் இருந்துச்சுன்னு காலேஜை நிறுத்தி, ஆறு மாசத்துல கல்யாணத்தை முடிச்சாங்க. அது எழுதுன லெட்டரோ, அதுக்கு வந்த லெட்டரோ கூட இல்ல. வெறும் கதைப் புத்தகம். அவ படிப்பும் போச்சு, அந்த வீட்டுல புத்தகம் படிக்கறதும் போச்சு. சாதி மாறிப் பிரியப்பட்டவங்களுக்கு நம்ம மாவட்டங்கள்ல என்னென்ன நடந்திருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, பேப்பர்ல வந்துச்சு.

பட்டணத்துல இப்படி இல்லன்னு நினைக்காதீங்க. "காதல் இல்லாத புத்தகமா சொல்லுங்க"ன்னு கேக்கறதுலயும் அதே பயம்தான் இருக்கு. ஒளிச்சு வச்சுப் படிச்ச புள்ள, நாளைக்கு ஒரு பிரச்சனை வந்தாலும் ஒளிச்சுத்தான் வைக்கும். கூடத்துல வச்சுப் படிச்ச புள்ள, "அப்பா, இவன் செய்யறது சரியா"ன்னு கதையைச் சாக்கு வச்சு உங்ககிட்ட கேக்கும். என் மகள் அப்படித்தான் கேட்டுச்சு. மணிமேகலை பாவம், வந்தியத்தேவன் அவகிட்ட முன்னாடியே தெளிவாச் சொல்லியிருக்கணும்னு ஒரு நாள் சண்டையே போட்டுச்சு. பதினாறு வயசுல அவளுக்கு அந்த ஞாயம் தெரிஞ்சிருக்கேன்னு எனக்கு ஒரு நிம்மதி.

அதனால சுத்தமான புத்தகம்னா என் கணக்கு இதுதான். அதுல ஒருத்தி வேணாம்னு சொன்னா அதுக்கு மதிப்பு இருக்கணும். காதலிக்கறவங்க உழைக்கறவங்களா இருக்கணும். பெரியவங்க செய்யற தப்பையும் தப்புன்னு சொல்லணும்.

கல்கி எழுத்து நாட்டுடைமை ஆயிட்டதால பல பதிப்பகங்கள் போடுது, மலிவாவும் கிடைக்கும். புத்தகக் கண்காட்சி வரைக்கும் காத்திருக்காதீங்க, உங்க வட்டார நூலகத்துலயே கேளுங்க. அஞ்சு பாகத்தையும் ஒண்ணா வாங்காதீங்க. முதல் பாகத்தைக் கூடத்துல, டிவி பக்கத்துல போட்டு வைங்க. யாரு எடுக்கறாங்கன்னு கண்டுக்காதீங்க. ரெண்டாவது பாகம் எங்கன்னு கேட்டா வாங்கிக் கொடுங்க.

அடுத்த தடவை சம்பா அறுப்புக்கு முன்னாடி உளுந்து தெளிக்கறதைப் பத்தி எழுதறேன். அதுக்குள்ள வேங்கையின் மைந்தன் முடிச்சவங்க இருந்தா சொல்லுங்க, கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் சேந்தே போயிட்டு வரலாம்.