ஊசி பிடித்த கைக்குப் பெயர் இல்லையா?

என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகி ஜன்னலோரம் உட்கார்ந்து, லினன் மேஜை விரிப்பில் பூவேலை செய்துகொண்டிருப்பாள். மாலை நான்கு மணிக்கு ஊசியில் நூல் கோத்தவள், விளக்கு வைக்கும் நேரத்தில் கதாநாயகன் படியேறி வரும்போது, நாலு மூலையிலும் டாஃபோடில் பூங்கொத்துகளை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை வர்ணிக்க ஒரு பக்கம் செலவிட்டேன். பூக்களுக்கு ஒரே ஒரு வாக்கியம்.

மறு வாரமே ஒரு வாசகியின் கடிதம் வந்தது. "தங்கள் கதாநாயகிக்கு எத்தனை கைகள்? எனக்கு ஒரு டாஃபோடில் பூவுக்கு இரண்டு மாலை ஆகிறது." அவ்வளவுதான் கடிதம்.

அதை எழுத்தாள நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "பொழுது போகாத பெண்கள் செய்கிற வேலை. அதற்குக் கணக்கு வேறா? மெஷினில் கொடுத்தால் பத்து நிமிஷம்!" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிராயச்சித்தமாகத்தான் இதை எழுதுகிறேன்.

சில நாள் கழித்து, மனைவியை அழைத்துக்கொண்டு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். இங்கிலாந்தின் வசந்தகாலப் பூக்களை அவர் நேரில் கண்டதில்லை. கான்வென்ட் பள்ளியில் கன்னியாஸ்திரீ ஒருவர் காட்டிய வர்ணப் படங்களைப் பார்த்துத் தைக்கப் பழகியவர். அதனால் என்ன? டாஃபோடிலைக் காணாமலே அதைப் பற்றிய ஆங்கிலக் கவிதையை நாமெல்லாம் மனப்பாடம் செய்யவில்லையா?

விரிப்பைப் பிரித்துக் காட்டினார். ஸ்னோடிராப் என்ற வெள்ளைப் பூ. வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூவை எப்படிக் காட்டுவது? இதழின் நிழல் விழும் பக்கத்தில் மட்டும் சாம்பலும் பச்சையும் கலந்த நூலை ஓட்டியிருந்தார். பூ துணியிலிருந்து எழுந்து நின்றது. புளூபெல் பூக்களெல்லாம் தண்டின் ஒரே பக்கமாகச் சாய்ந்து தொங்கின. இரண்டு பக்கமும் சமமாகத் தைத்தால் அது இங்கிலாந்தின் புளூபெல் ஆகாதாம்! பிரிம்ரோஸ் பூ ஒன்றின் நடுவில் ஒற்றைப் பச்சை முடிச்சு; பக்கத்துப் பூவில் மஞ்சள் முடிச்சுகள் ஐந்து. "கை தவறிவிட்டதா அம்மா?" என்று கேட்டேன். "இல்லை. அந்தச் செடியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் சூல்முடி ஊசித்தலை போல வெளியே தெரியும், மற்றதில் மகரந்தப் பைகள் தெரியும்" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை கவனத்தோடு நான் ஒரு பாத்திரத்தைக்கூடப் படைத்ததில்லை.

இப்போது என் நண்பரிடம் கேட்கிறேன். பூவை உற்றுப் பார்த்துக் கவிஞன் எழுதினால் அது இலக்கியம். ஒரு பெண் உற்றுப் பார்த்துத் தைத்தால் மட்டும் பொழுதுபோக்கா?

அந்தக் கவிதையின் கதையையே பாருங்கள். 1802 ஏப்ரல் 15ஆம் தேதி, ஏரிக்கரையில் டாஃபோடில் கூட்டத்தை வேர்ட்ஸ்வொர்த் தனியாகப் பார்க்கவில்லை. தங்கை டாரதியும் கூட நடந்தார். கண்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். கவிதை வெளியானது 1807இல். அதில் இரண்டு வரிகள் தம் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது ஒரே பெயரைத்தான்.

பூவேலையிலும் இதே வழக்குத்தான். வில்லியம் மாரிஸின் மகள் மே மாரிஸ், 1885இல், இருபத்துமூன்று வயதில், தந்தையின் நிறுவனத்துப் பூத்தையல் பகுதியைப் பொறுப்பேற்று நடத்தினார். 1893இல் அந்தக் கலையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். ஆனால் 1883இல் அவர் வரைந்த 'ஹனிசக்கிள்' சுவர்த்தாள் பல காலம் தந்தையின் பெயரிலேயே பேசப்பட்டது. கைவினைக் கலைஞர்களின் சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை; ஆகவே 1907இல் பெண்களுக்கென்று தனிச் சங்கம் அமைக்க முன்னின்றார். கெல்ம்ஸ்காட் வீட்டில் மாரிஸின் கட்டில் இருக்கிறது. அதன் லினன் திரைகள் மே மாரிஸின் சித்திரப்படி தைத்தவை. அந்தக் கட்டிலின் விரிப்பில் பூக்களைத் தைத்த தாயார் ஜேன் ஒரு காரியம் செய்தார்: தம் பெயரையும் ஊசியாலேயே எழுதிவைத்தார். கெட்டிக்காரப் பெண்மணி!

"மெஷின் இருக்கிறதே" என்பார் நண்பர். மெஷின்மேல் எனக்குக் கோபமில்லை. என் கதைகளையும் மெஷின்தான் அச்சடிக்கிறது. ஆனால் அச்சு இயந்திரம் பத்து நிமிஷத்தில் பிரதிகளை அடித்துத் தள்ளுவதால், தம் நாவலும் பத்து நிமிஷத்து வேலை என்று நண்பர் ஒப்புக்கொள்வாரா? கம்ப்யூட்டர் மெஷின் தைக்கிற பூவையும் முதலில் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்து வரைந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்குத்தான் நாம் கூலியும் கொடுப்பதில்லை, பெயரும் கொடுப்பதில்லை. கைவேலைக் கடையில் நூல் விலையைக் கணக்குப் போட்டு, 'இதற்கு இவ்வளவா?' என்று பேரம் பேசுகிறோம். புத்தகக் கடையில் காகிதத்தின் விலையைக் கணக்கிட்டு யாராவது பேரம் பேசினால் எழுத்தாளர்கள் நாங்கள் சும்மா இருப்போமா?

சகோதரிகளே, உங்கள் விரிப்பின் மூலையில் ஒரு விரல்கடை இடம் விட்டு, உங்கள் பெயரைத் தைத்துவிடுங்கள். அடக்கம் என்று சொல்லி உங்களை யாராவது தடுத்தால், அவர் தம் புத்தக அட்டையில் பெயர் போட்டுக்கொள்கிறவரா என்று பாருங்கள்.

என் கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திருத்தினேன். இப்போது கதாநாயகன் படியேறும் நேரத்தில் அவள் முடித்திருப்பது ஒரே ஓர் இதழ். அவள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. காம்பு வளைகிற இடம். கண்ணை எடுத்தால் தையல் பிசகிவிடும். அவன் சற்று நேரம் வாசலில் நிற்கட்டும்.