வீட்டிலிருந்தே பிபிஏ, எம்பிஏ: மரக்காணம் உப்பளக் கரையில் அம்மா படித்தால் பிள்ளையிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

2021 அக்டோபர் 27. விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பம் கிராமத்தில்தான் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் விட்ட பாடத்தை, மாலை நேரத்தில் அந்தந்தத் தெருவிலேயே சொல்லிக் கொடுப்பது திட்டம். தன்னார்வலர்களுக்கு மாதம் ரூ.1,000 ஊக்கத்தொகை. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்தத் திட்டத்தில் ஒரு தகுதிக் கோடு இருந்தது. 1 முதல் 5-ம் வகுப்பு வரை சொல்லிக் கொடுக்க பிளஸ் 2 போதும். 6 முதல் 8 வரை என்றால் பட்டம் வேண்டும். பிளஸ் 2 முடித்த கையோடு கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த பெண்களுக்கு, ‘ஒரு டிகிரி இருந்திருந்தா’ என்ற நினைப்பைக் கிளப்பிவிட அது ஒன்றே போதும்.

இப்போது அந்த டிகிரி போனிலேயே வருகிறது. ‘வீட்டிலிருந்தே பிபிஏ’, ‘வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏ’ என்று விளம்பரங்கள். சேரலாமா? சேர்ந்தால் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு அதனால் என்ன நடக்கும்? இரண்டும் ஒரே வீட்டுக் கேள்விகள் என்பதால் சேர்த்தே பார்க்கலாம்.

ஏன் ஆன்லைன்?

பக்கத்தில் உள்ள அரசுக் கல்லூரி என்றால் திண்டிவனத்தில் இருக்கும் திரு.ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி. மரக்காணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். 18 வயதில் பஸ் ஏறிப் போய்வரலாம். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகி, விடியற்காலையில் உப்பளத்துக்கும் போகிற ஒருவரால் அது முடியாது. வெயில் ஏறும் முன் உப்பு வாரி, கரையேற்றிவிட்டு வந்தால் மீதி இருப்பது மதியமும் இரவும்தான். ஆன்லைன் படிப்பின் பதிவு செய்யப்பட்ட வகுப்புகள் அந்த நேரத்துக்குப் பொருந்துகின்றன.

பிபிஏ-வில் சொல்லித்தரும் அடக்க விலை, நடைமுறை மூலதனம், கணக்கியல் எல்லாம் இந்தக் கரைக்கு அந்நியமானவை அல்ல. சீசன் தொடங்கும்போது முன்பணம் வாங்கி, சீசன் முடிந்து கணக்குத் தீர்ப்பது உப்புத் தொழிலில் பழகிப்போன விஷயம். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டை வைத்திருப்பவருக்குப் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். (சாதாரண உப்புக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், ஜிஎஸ்டி பாடம் மட்டும் உப்பளத்துக்கு உதவாது!)

உப்பு காலண்டரும் பல்கலைக்கழக காலண்டரும்

விளம்பரம் சொல்லாத ஒன்று இருக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக தமிழ்நாட்டில் உப்பு அதிகம் விளையும் இடம் மரக்காணம். 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளங்கள். ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி கட்டும் வேலை ஆரம்பித்து, உற்பத்தி ஏறக்குறைய செப்டம்பர் வரை போகும். வடகிழக்குப் பருவமழை வந்தால் வேலை நின்றுவிடும். வேலையில்லாத அந்த மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு தமிழக அரசு ரூ.5,000 மழைக்கால நிவாரணம் தருகிறது.

ஆன்லைன் படிப்புகளில் வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை நடக்கும். ஒன்று ஜனவரி-பிப்ரவரியில், இன்னொன்று ஜூலை-ஆகஸ்டில். ஜனவரியில் சேர்ந்தால் முதல் செமஸ்டர் முழுக்க உப்பள வேலையோடு மோதும். வீட்டில் 10-ம் வகுப்போ பிளஸ் 2-வோ படிக்கும் பிள்ளை இருந்தால், அதன் பொதுத்தேர்வும் அதே மார்ச்-ஏப்ரலில்தான். அம்மாவின் உப்பு, அம்மாவின் பாடம், பிள்ளையின் தேர்வு மூன்றும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

ஜூலையில் சேர்ந்தால் செமஸ்டரின் பின்பாதி மழைக்காலத்தில் விழும். நேரம் கிடைக்கும். ஆனால் கையில் காசு இருக்காது. எனவே கட்டணத்தை சீசன் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணம் பகுதி எப்படித் தத்தளித்தது என்பது நினைவிருக்கும். உப்பளங்களே தண்ணீரில் மூழ்கின. கரண்ட் இல்லாத ஒரு வாரத்தில் ஆன்லைன் தேர்வு வந்தால் என்ன செய்வது? தேர்வு வீட்டிலிருந்தா, மையத்திலா என்பதை சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். வீட்டுத் தேர்வுக்குப் பல பல்கலைக்கழகங்கள் கேமராவுடன் கூடிய கம்ப்யூட்டர் கேட்கின்றன. வெறும் போனை வைத்துக்கொண்டு மூன்று வருடத்தையும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

டிகிரி செல்லுமா?

செல்லும். யுஜிசி-யின் 2020-ம் ஆண்டு விதிமுறைகளின்படி அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம், நேரில் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவே வெளியிட்டது. ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

பல்கலைக்கழகத்துக்குப் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்புக்கு, அந்த முறையில், அந்தக் கல்வியாண்டுக்கு அனுமதி இருக்க வேண்டும். இதற்கு ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வட தமிழகத்தில் தலைமுறை தலைமுறையாக அஞ்சல்வழிப் பட்டம் தந்த சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி எச்சரிக்கை வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் கவலையில் ஆழ்ந்தார்கள். எனவே, யுஜிசி தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் படிப்பின் பெயரையும் ஆண்டையும் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

சேர்வதற்கு முன் அதே தளத்தில் ‘டெப் ஐடி’ என்ற அடையாள எண்ணை மாணவரே உருவாக்க வேண்டும். ‘எல்லாம் நாங்களே பண்ணித் தர்றோம், ஓடிபி மட்டும் சொல்லுங்க’ என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுவது நல்லது. ஆன்லைன் படிப்பை வேறொருவர் வழியே கிளை மையம் போட்டு நடத்த விதிகளில் இடமில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தொங்கும் ‘சேர்க்கை மையம்’ போர்டுகளை இதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ‘பத்து நாளில் எம்பிஏ’ போன்ற விளம்பரங்களை நம்பாதீர்கள் என்று யுஜிசி-யே ஒருமுறை சொல்ல வேண்டி வந்தது.

தவணையிலும் கவனம் தேவை. கல்வி நிறுவனங்களின் ‘வட்டியில்லாத் தவணை’ சில நேரம் ஒரு கடன் ஒப்பந்தம். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க ஒப்புதல் தர வேண்டாம் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. அக்டோபரில் வருமானம் நின்றுபோகும் வீட்டுக்கு, மாதா மாதம் பிடித்துக்கொள்ளும் தவணை பொருந்தவே பொருந்தாது.

அரசு வேலைக்கு உதவுமா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். 10, பிளஸ் 2, டிகிரி என்ற வரிசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிளஸ் 2-வைத் தாண்டிக் குதித்து நேராக வாங்கிய பட்டம் தமிழக அரசுப் பணிக்குக் கைகொடுக்காது.

இன்னொன்றைப் பலர் யோசிப்பதே இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 1-ம் வகுப்பு முதல் அந்த வேலைக்குக் கேட்கும் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஆன்லைன் பிபிஏ, எம்பிஏ பெரும்பாலும் ஆங்கில வழி. பட்டம் கேட்கும் பதவிகளுக்கு அந்த முன்னுரிமை போய்விடும். 10-ம் வகுப்புத் தகுதி போதும் என்கிற குரூப் 4 பதவிகளுக்கு இதனால் பாதிப்பில்லை. அரசு வேலைதான் குறி என்றால், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் தமிழ் வழிப் படிப்பு என்ன இருக்கிறது, அதற்கு இந்தச் சலுகை பொருந்துமா என்று முதலில் விசாரிப்பது புத்திசாலித்தனம்.

சரி, பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

‘அம்மா படித்தால் பிள்ளை தானாகப் படிக்கும்’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது. முழு உண்மை இல்லை. பீகார், ராஜஸ்தான் கிராமங்களில் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்தி, அது பிள்ளைகளை எப்படிப் பாதிக்கிறது என்று ருக்மிணி பானர்ஜி உள்ளிட்ட மூவர் ஆராய்ந்து 2017-ல் கட்டுரை வெளியிட்டார்கள். தாய்மார்களின் கற்றல் உயர்ந்தது. வீட்டில் பிள்ளையின் படிப்பில் அவர்கள் காட்டிய ஈடுபாடும் கூடியது. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் தெரிந்த முன்னேற்றமோ சிறியதுதான். ஆக, அம்மா பிபிஏ சேர்ந்த வருடமே பிள்ளை முதல் ரேங்க் வாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்தும் வரலாம். ‘உப்பளத்துக்கும் போயிட்டு வந்து நானே படிக்கிறேன், உனக்கு என்ன குறைச்சல்?’ என்ற கேள்வி. பெற்றவர் கஷ்டப்படக் கஷ்டப்பட, பிள்ளையிடம் கேட்கும் மார்க்கும் ஏறிக்கொண்டே போகும்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 2002 முதல் 2007 வரை 3,530 மாணவர்களையும் பெற்றோர்களையும் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவும். கோ முராயாமா தலைமையிலான குழு 2016-ல் வெளியிட்டது. பெற்றோரிடம் இரண்டு கேள்விகள். பிள்ளை என்ன மதிப்பெண் வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? உண்மையில் என்ன வாங்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆசை இருந்த வீடுகளில் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் கூடியது. ஆனால் ஆசை, பிள்ளையால் முடியும் என்று அவர்களே நம்பிய அளவைத் தாண்டிப் போன வீடுகளில் மதிப்பெண் குறைந்தது. அமெரிக்கத் தரவுகளிலும் இதே போக்குதான். ஜெர்மனி எங்கே, மரக்காணம் எங்கே என்று கேட்கலாம். ஆனால் ஆசையையும் எதிர்பார்ப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதானே?

அந்த அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

‘பாஸ் ஆயிட்டான்’ என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடர்கிறது. அடுத்த வகுப்புக்குப் போனதாலேயே பாடம் புரிந்தது என்று ஆகாது. 2025-26 முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வும் இல்லை. அப்படியென்றால் பிள்ளை எங்கே நிற்கிறது என்பது அதிகாரப்பூர்வமாகத் தெரியவரும் முதல் இடம் 10-ம் வகுப்பு. அதுவரை காத்திருந்தால் தாமதம்.

தொடக்கப் பள்ளி என்றால் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரித்துப் பாடம் எடுக்கிறார்கள். வகுப்பாசிரியரிடம் ‘எத்தனை மார்க்?’ என்று கேட்பதைவிட ‘எந்த நிலையில் இருக்கா?’ என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். அரும்பில் இருக்கும் பிள்ளையிடம் இந்தப் பருவத்தில் மொட்டு நிலையை எதிர்பார்க்கலாம். வகுப்பிலேயே முதலிடம் கேட்டால் அது வெறும் ஆசை.

பெரிய வகுப்புப் பிள்ளையிடம் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். ஒரு வகுத்தல் கணக்கு போடச் சொல்லலாம். பத்து நிமிட வேலை. முதலியார்குப்பத்தில் தொடங்கிய மாலை வகுப்புகள் செய்ததும் ஏறத்தாழ இதைத்தான்.

வீட்டில் உடனடியாக எழும் பிரச்சினை என்னவோ மார்க் இல்லை, போன்தான். ஒரே ஸ்மார்ட்போன். அம்மாவின் நேரலை வகுப்பும் பிள்ளையின் வாட்ஸ்அப் வீட்டுப்பாடமும் மாலை 7 மணிக்கே வந்தால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். நேரலை வகுப்புகள் வார இறுதியில் நடக்கும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதி சண்டை குறையும். பணம் கட்டுமுன் பழகிப் பார்க்க நினைப்பவர்கள், மத்திய அரசின் ‘ஸ்வயம்’ தளத்தில் ஒரு மேலாண்மைப் பாடத்தை எடுத்துப் பார்க்கலாம். பாடம் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம்.

மகளும் ஆன்லைனில் சேரலாமா?

அம்மாவுக்குச் சரிப்பட்டது மகளுக்கும் சரிப்படும் என்று பிளஸ் 2 முடித்த பெண்ணை வீட்டிலேயே ஆன்லைன் பிபிஏ-வில் சேர்த்துவிட யோசிக்கும் குடும்பங்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 6 முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் ‘புதுமைப்பெண்’ திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும். அஞ்சல்வழி, தொலைதூரக் கல்விக்கு இது கிடையாது. மூன்று வருடப் பட்டத்துக்கு அது ரூ.36,000. திண்டிவனம் பஸ்ஸில் போய்வரும் மகளுக்கு அந்தப் பணம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலேயே வரும்.