அலமாரிப் பொம்மையா கேமரா?



படச்சுருள் கேமராவுக்கு மீண்டும் மதிப்புக் கூடியிருக்கிறது. 2024ஆம் ஆண்டில் 'பெண்டாக்ஸ் 17' என்னும் புதிய படச்சுருள் கேமராவே வெளிவந்தது. மகிழ்ச்சிதான். ஆனால், இந்த மோகத்தின் பெயரால் நடப்பவை எனக்குக் கசக்கின்றன.

பழைய கேமராவை விற்பவர் பலர் 'சோதிக்கப்படவில்லை' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டுக் கை கழுவுகிறார்கள். இதை நேர்மை என்று எப்படிக் கொள்வது? பெண்டாக்ஸ் கே1000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1976இல் வெளிவந்து 1997 வரை தயாரிக்கப்பட்ட கருவி அது. அதன் ஷட்டர் இயங்க மின்கலமே தேவையில்லை. ஒளிமானிக்கு மட்டுமே ஒரு சிறு மின்கலம் வேண்டும். வேகத்தை ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினால், ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்து மூட வேண்டும். உள்ளே எண்ணெய் காய்ந்திருந்தால் திணறும். பின்கதவைத் திறந்து, 'பி' நிலையில் வைத்து அழுத்திப் பிடித்தபடி கைவிளக்கை வில்லையினூடே அடித்தால் பூஞ்சை சிலந்தி வலைபோல் தெரிந்துவிடும். நம் நாட்டுப் புழுக்கத்தில் அது வராமலிருந்தால்தான் வியப்பு! இவ்வளவுக்கும் சில நிமிடங்களே போதும். அதைக்கூடச் செய்யாதவர் சோதிக்க முடியாமல் விட்டவரல்லர், சோதிக்க விரும்பாதவர்.

வாங்குவோர் மட்டும் என்ன? அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்குகிறார்கள். பிள்ளை தொட்டால் அதட்டுகிறார்கள். "பழுதுபார்க்கும் காசுக்கு இன்னொன்று வாங்கலாமே" என்கிறார்கள். சில வேளைகளில் பழுதுக் கூலி கருவியின் விலையைத் தாண்டும் என்பது உண்மைதான். வில்லையின் கண்ணாடியையே பூஞ்சை அரித்துவிட்டால் எவராலும் மீட்க இயலாது. அதற்குப் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால், பின்கதவு ஓரத்துப் பஞ்சுப் பட்டை பிசினாய் உருகி ஒளி கசிவதற்கெல்லாம் கேமராவையே ஒதுக்குவது என்ன கணக்கு? பழைய பிசினைத் துடைத்துப் புதிய பட்டை ஒட்டினால் தீர்ந்தது. ஷட்டர் திரையை மட்டும் விரல் தீண்டக்கூடாது.

வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்று ஒரு பாடத்தையே நடத்துகிறோம். அட்டையிலும் பசையிலும் மாதிரிகள் செய்து, மதிப்பிட்டு, குப்பையில் போடுகிறோம். பற்சக்கரம், சுருள்வில், ஒளி, வேகம் யாவும் ஒரே பெட்டிக்குள் இருக்க, அதைத் திறக்க ஏன் அஞ்சுகிறோம்? 'பழுதுபார்ப்பவன்' என்றாலே படிப்பு ஏறாதவன் என்று வீட்டில் பேசுகிறோம். பிறகு, பழுதுபார்க்க ஆளில்லை என்று புலம்புகிறோம். நம் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அத்தொழிலுக்கு எப்படி வருவான்?

ஓர் அச்சம் மட்டும் நியாயமானது. உள்ளமைந்த பிளாஷ் உள்ள கேமராவைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. மின்கலத்தைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். பிளாஷ் இல்லாத, முற்றிலும் இயந்திரத்தால் இயங்கும் கருவியையே, அதுவும் இனிச் சீராகாது என்று கைவிடப்பட்ட ஒன்றையே, ஆசிரியர் முன்னிலையில் மேசைமேல் வையுங்கள். சப்பானியக் கேமராக்களின் திருகுகளுக்கு அந்நாட்டு அளவுத் திருப்புளியே பொருந்தும். வழக்கமான நட்சத்திரத் திருப்புளியால் முறுக்கினால் திருகின் தலை சிதைந்துவிடும். அதை முதலில் வாங்குங்கள்.